பேராக்கின் காதல் பாட்டும் வெளியார் செவியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரிலும், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்க ஊர்களிலும், சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை பரவிக் கிடந்த ரப்பர்த் தோட்டங்களிலும் வழங்கிவந்த காதல், பிரிவு, ஏக்கப் பாட்டுகளைப் பற்றியும், மக்கள் அவற்றின்மீது வைத்த பற்றை வெளியார் எப்படிப் பார்த்தனர் என்பது பற்றியும் இக்கட்டுரை கூறும். ஆங்கில அதிகாரி, பிரெஞ்சுத் தோட்டத் துரை, பிற்காலத்து ஆய்வாளர் எல்லாரும் இந்த வெளியாரில் அடக்கம். பாடப்பட்ட அளவுக்கும் அவர்கள் எழுதிவைத்த அளவுக்கும் பொருத்தமில்லை. எந்த மொழியை விரும்பிக் கற்றார்களோ அந்த மொழிக்காரரின் காதல்தான் ஏட்டில் ஏறியது.

பந்துன்

வெளியார் முதலில் காது கொடுத்தது மலாய்க்காரரின் பந்துனுக்கு. பந்துன் நாலடிப் பாட்டு. முதலடியும் மூன்றாமடியும் ஈற்றொலியில் ஒன்றும். இரண்டாவதும் நான்காவதும் அவ்வாறே. முன்னிரண்டு அடிகளில் மழை, ஆறு, பலாப்பழம், படகு என ஏதேனும் ஒரு புறக்காட்சி வரும். அதற்குப் பெம்பாயாங் என்று பெயர். பின்னிரண்டு அடிகளில் சொல்ல வந்த செய்தி வரும். அது பெரும்பாலும் காதல்தான்.

இங்கிலாந்தின் வில்லியம் மார்ஸ்டன் 1812இல் வெளியிட்ட மலாய் இலக்கண நூலிலேயே பந்துன் இடம்பெற்றது. பிரான்சில் விக்டர் ஹ்யூகோ 1829இல் தம் 'லெ ஓரியந்தால்' நூலின் குறிப்புகளில் ஒரு மலாய்ப் பந்துனின் மொழிபெயர்ப்பைச் சேர்த்தார். பிறகு அங்கே 'பந்தூம்' ஒரு யாப்பாகவே நிலைத்து, கவிஞர் போதலேர் வரை போய்ச் சேர்ந்தது.

முன்னிரண்டு அடிகளுக்கும் பின்னிரண்டு அடிகளுக்கும் பொருள் தொடர்பு உண்டா என்பதில் டச்சு அறிஞர்களிடையே நெடிய வழக்கு நடந்தது. 1883இல் பைநாப்பல் உண்டு என்றார். 1904இல் வான் ஓபெய்சன் அதைத் தேடுவதே வீண் என்றார். சங்கப் பாட்டின் உள்ளுறையும் இறைச்சியும் படித்த தமிழ் வாசகருக்கு இதில் குழப்பம் வர நியாயமில்லை. நாரை மீனுக்குக் காத்திருப்பதைத் தோழி சொன்னால் அவள் நாரையைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது நமக்குத் தெரியும். நல்ல பந்துனில் தொடர்பு உண்டு. மட்டமான பந்துனில் ஈற்றொலி மட்டும் உண்டு.

பேராக்கில் வெளியாரின் இந்த ஆர்வத்துக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஆங்கில அதிகாரிகளான ஆர். ஜே. வில்கின்சன், ஆர். ஓ. வின்ஸ்டெட் இருவரும் தொகுப்பாளர்கள். முன்னவர் 1905இல் தொடங்கிய கோலகங்சார் மலாய்க் கல்லூரியின் மூலவர்; பின்னவர் 1902இல் பேராக்கில் பணியில் சேர்ந்தவர். இருவரும் சேர்ந்து 1914இல் 'பந்துன் மெலாயு' தொகுதியைக் கொண்டுவந்தனர். மற்ற முகம் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம். 1889இல் பேராக்கின் ரெசிடெண்டான (சுல்தானுக்கு ஆங்கில ஆலோசகரான) இவர், 1895இல் எழுதிய 'மலாய்ச் சித்திரங்கள்' நூலில் உழைப்பில் நாட்டமின்மையே மலாய்க்காரரின் தலையாய குணம் என்றார். பாட்டை ரசிப்பவரும் பாடுபவரைச் சோம்பேறி என்பவரும் ஒரே ஆட்சிப் பணியில்தான் இருந்தனர். மென்மையான நெஞ்சு, கனவு காணும் கண், வேலைக்கு ஆகாத கை என்ற கூட்டுப் படம் இப்படித்தான் உருவானது. சைட் ஹுசைன் அலாத்தாஸ் 1977இல் 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' என்ற நூலில் இந்தப் படத்தைப் பிரித்துக் காட்டினார். மலாய்க்காரர், ஜாவாக்காரர், பிலிப்பினோக்கள் மூவரைப் பற்றியும் குடியேற்ற ஆட்சியாளர் ஒரே புகாரை எழுதியதை அதில் காணலாம்.

ஒரு மெட்டின் பயணம்

பேராக்கின் பங்களிப்புகளில் உலகம் மிகுதியாகக் கேட்டது ஒரு மெட்டுதான். 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசீர் சாலாக்கில் ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் கொல்லப்பட்டார். அதற்காகப் பேராக் சுல்தான் அப்துல்லா 1877இல் சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே பிரெஞ்சுக்காரரின் வாத்தியக் குழுக்கள் வாசித்த 'லா ரோசலி' என்ற பாட்டு அரச குடும்பத்தின் காதில் ஒட்டிக்கொண்டது. பெரான்ஷே என்ற பிரெஞ்சுக் கவிஞர் பெயரால் வழங்கும் பாட்டு அது. பின்னர் மன்னர் குடும்பம் இங்கிலாந்து சென்றபோது, பேராக்கின் அரசு கீதம் எது என்று கேட்கப்பட, அந்த மெட்டையே முனகிக் காட்டினர் என்பது வழங்கும் வரலாறு. இன்றும் பேராக் மாநில கீதம் அதே மெட்டில்தான் ஒலிக்கிறது.

பங்சாவான் நாடகக் குழுக்கள் அந்த மெட்டை எடுத்து 'தெராங் பூலான்' என்ற நிலாக் காதல் பாட்டாக்கின. 1947இல் லண்டனின் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் ஹவாய்க் குழு 'மமுலா மூன்' என்ற பெயரில் அதை இசைத்தட்டாக்கியது. மெர்டேக்காவுக்கு (விடுதலைக்கு) முன் தேசிய கீதத்துக்காக உலகளாவிய போட்டி நடந்தது. 514 படைப்புகள் வந்தன. எதுவும் பிடிக்காமல், 1957 ஆகஸ்ட் 5ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் குழு பேராக் மெட்டையே தேர்ந்தது. அதுவே 'நெகாராகூ'. அதன்பின் அதைக் காதல் பாட்டாக வாசிப்பதற்கு இடமில்லாமல் போனது. மேலை நாட்டார் சிலர் இதைக் கேலியாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்தக் காதல் பாட்டு மேற்கே இருந்து வந்து மேற்கே இசைத்தட்டாகிப் போனது என்பதைக் கேலிக்காரர் சேர்த்துச் சொல்வதில்லை.

தோட்டத்துத் தமிழ்ப் பாட்டு

பிரெஞ்சுத் தோட்டத் துரை ஹென்றி ஃபொக்கோனியேவின் 'மலேசி' நாவல் 1930இல் கொங்கூர் பரிசு பெற்றது. நாவல் முழுக்கப் பந்துன்கள் வருகின்றன. இதே ஃபொக்கோனியே 1917இல் சிலாங்கூரில் தொடங்கிய செம்பனைத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயர் தமிழாக இருந்தாலும் நாவலைப் புகழ் பெறச் செய்த பாட்டு மலாய்தான். ஆங்கிலத் துரைமார் தமிழ் கற்றதும் உண்டு. அதற்குத் தேர்வே இருந்தது. ஆனால் இலங்கையில் 1915இல் வெளிவந்த வெல்ஸின் 'கூலி தமிழ்' போன்ற கையேடுகள் கற்றுத் தந்தது ஏவல் தமிழ். வெட்டு, எடு, எத்தனை பேர், ஏன் வரவில்லை என்ற அளவில் அது நின்றது. காதலுக்குரிய தமிழ் அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை.

அந்தத் தமிழ் தொழிலாளர் குடியிருந்த லயத்திலும் பால்மர நிரையிலும் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நுழைவார்கள். குளிர் இருக்கும்வரைதான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டிலேயே வேலை. ஒரு நிரையில் இருப்பவருக்கு அடுத்த நிரையில் இருப்பவரின் விளக்கு மட்டும் தெரியும். பாம்புக்கும் பேய்க்கும் பயந்து ஒருவர் பாட்டெடுப்பார். தூரத்திலிருந்து எசப்பாட்டு வரும். கங்காணியைக் கிண்டலடித்ததும், கப்பலேறிப் போன மாமனை ஏசியதும், முறைப்பெண்ணைச் சீண்டியதும் அதில் அடக்கம். பிறகு மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றும் நேரம் வந்தால் பாட்டு நின்றுவிடும். இவற்றை வெள்ளைக்காரர் எவரும் தொகுக்கவில்லை. வெகுகாலம் கழித்து நம்மவரே தொகுத்தனர்; முத்தம்மாள் பழனிசாமியின் 'நாட்டுப்புறப் பாடலில் என் பயணம்' அவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

சினிமா வந்ததும் நிரைப் பாட்டு ஒதுங்கியது. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். துணிக்கு முன்னாலும் பின்னாலும் சனம் உட்காரும். 1953இல் வந்த 'தேவதாஸ்', 1972இல் வந்த 'வசந்த மாளிகை', 1980இல் வந்த 'ஒரு தலை ராகம்' எல்லாம் காதல் துயரின் படங்கள். வானொலி நேயர் விருப்பத்தில் பெயர்ப் பட்டியல் நீண்டது. படித்த தமிழர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பால் வெட்டுகிறவன் பிள்ளை பள்ளியை விட்டுவிட்டுப் பாட்டுப் புத்தகத்தோடு திரிகிறான் என்று கடிந்தனர். இதுவும் ஒரு வெளியார் பார்வைதான். பேசியது தமிழில் என்பது ஒன்றே வேறுபாடு. தோட்டத்துப் பள்ளிகளின் நிலைமையைப் பாட்டுப் புத்தகத்தின் தலையில் கட்டியது சரியல்ல.

பிலிப்பைன்ஸ் ஒப்பீடு

காதல் பாட்டுக்கு உருகுபவர்கள் என்று வெளியார் ஒரு மக்களையே முத்திரை குத்தியதற்கு உலகறிந்த சான்று பிலிப்பைன்ஸ். பிகோ ஐயர் 1988இல் எழுதிய பயண நூலில் பிலிப்பினோக்கள் அமெரிக்கப் பாட்டை அச்சு அசலாகப் பாடுவதை வியந்தார். ஆய்வாளர் அர்ஜுன் அப்பாதுரை 1990இல் அதை எடுத்துக்கொண்டு, தாங்கள் ஒருபோதும் இழக்காத ஓர் உலகத்துக்காக ஏங்குகிறார்கள் என்று விளக்கினார். காவிரியைக் கண்ணால் பார்க்காத மூன்றாம் தலைமுறைத் தோட்டத் தமிழர் சினிமாக் கிராமத்துக்காகக் கண் கலங்கியதற்கு இவ்விளக்கம் பாதி பொருந்தும். மீதிப் பாதி லயத்திலேயே இருந்தது. சாதி பார்த்துப் பிரிக்கப்பட்ட காதல் அடுத்த வீட்டிலேயே நடந்தது. அதற்கு அழக் காவிரி தேவையில்லை.

பிலிப்பினோக்கள் மலாயாவுக்கு அந்நியரும் அல்லர். 1894இல் தொடங்கிய சிலாங்கூர் அரசு வாத்தியக் குழுவினர் மணிலாவிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். அடுத்து வந்த நடன அரங்குகளிலும் பிலிப்பினோ வாத்தியக்காரர்களுக்கு மவுசு இருந்தது.

பிற்காலம்

தெலுக் இந்தானில் பிறந்த ஜமால் அப்தில்லா 1979இல் பிந்தாங் ஆர்டிஎம் போட்டியில் வென்று மலாய் ஏக்கப் பாட்டின் மன்னரானார். பினாங்குத் தமிழரான லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் அல்லிகேட்ஸ் குழு மலாய்க் காதல் பாட்டுக்கே தனிக் குரல் தந்தது; லோகநாதன் 2007இல் மறைந்தார். இந்தோனேசியாவில் 1988இல் அமைச்சர் ஹர்மோக்கோ அழுமூஞ்சிப் பாட்டுகளை அரசுத் தொலைக்காட்சியிலிருந்து விலக்கச் சொன்னார். அதே இந்தோனேசியாவின் காதல் பாட்டுகள் மலேசிய வானொலியை நிறைத்துவிட்டதாகக் கூறி, 2008இல் இங்குள்ள கலைஞர் சங்கமான கார்யாவான் பத்தில் ஒன்பது பங்கு உள்ளூர்ப் பாட்டு வேண்டும் என்று கேட்டது. பந்துன் 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறியும் போயின. தமிழ்ப் பாட்டு இப்போது மின்னல் எஃப்எம், ராகா வானொலிகளிலும் கல்யாண மண்டபக் கரவோக்கேயிலும் கேட்கிறது.