வட்டுக்கோட்டை செமினறியில் இருந்து இணையவழி இறையியல் வரை

சில மாதங்களுக்கு முன்னர் முல்லைத்தீவுப் பக்கத்து இளைஞர் ஒருவர் நற்சான்றுக் கடிதம் ஒன்று கேட்டு என்னிடம் வந்திருந்தார். பகலில் பாடசாலை ஒன்றில் கற்பிக்கின்றார். இரவில், வெளிநாட்டு இறையியல் கல்லூரி ஒன்று இணையத்தின் ஊடாக நடத்தும் பாடநெறியில் சேர்ந்து திருப்பணிக்குப் படிக்க விரும்புகின்றார். அதற்கான விண்ணப்பத்துடன் இணைப்பதற்கே அந்தக் கடிதம். அவ்வேளை என் வீட்டில் இருந்த நண்பர் ஒருவர், அவர் நீண்டகாலத் திருச்சபை உறுப்பினர், வாயை அடக்கிக்கொள்ளாமல் கேட்டுவிட்டார்: "தம்பி, கதிரையில இருந்து கொம்பியூட்டரைப் பாத்துப் படிச்சுப்போட்டுப் போதகராக வரலாமோ?"

இளைஞர் சிரித்துச் சமாளித்துக்கொண்டு கடிதத்துடன் போய்விட்டார். கேள்வி மட்டும் என்னுடன் தங்கிவிட்டது. அது புதிய கேள்வி அன்று என்பதையும், கணினி பிறப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே வெவ்வேறு உருவங்களில் அது கேட்கப்பட்டு வந்துள்ளது என்பதையும் பழைய நூல்களைப் புரட்டியபோது உணர்ந்தேன். அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று எமது வட்டுக்கோட்டையிலேயே எழுதப்பட்டுள்ளது.

செமினறி என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு நாற்றுமேடை என்று பொருள். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டு, ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருத்துவத்துக்கான இளைஞரை ஓரிடத்தில் தங்கவைத்துப் பயிற்றவேண்டும் என விதித்தது. அதற்கு முன்னர் குருவாக விரும்பியவர்களுள் பெரும்பாலோர் ஊர்க் குரு ஒருவரோடு கூடத் திரிந்தே தொழிலைக் கற்றனர். சிலர் துறவற மடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கற்றனர். பயிலுநர் அனைவரையும் மதிலுக்குள் வைத்து வளர்ப்பது என்பது கிறிஸ்தவ சமயத்தின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் பிற்பாதியில் வந்த ஏற்பாடுதான். இதனை மறந்துவிட்டே பலர் இன்று வாதாடுகின்றனர்.

நாற்றுமேடை என்ற உவமை அழகானது. ஆனால் நாற்றைப் பிடுங்கி வயலில் நடவேண்டும் அல்லவா? அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறியை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். சுதேச போதகர்களையும் உபதேசிமாரையும் உருவாக்குவது அதன் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என 1850இல் வெளிவந்த தமது நூலில் அதனைப் பாராட்டினார்.

அத்தகைய நிறுவனம் 1855இல் மூடப்பட்டது. அமெரிக்காவில் இருந்து வந்த றூபஸ் அண்டர்சன் தலைமையிலான தூதுக்குழுவின் வருகையை அடுத்தே அந்த முடிவு வந்தது. காரணங்கள் பல. அவற்றுள் தலையாயது, ஆங்கிலம் கற்ற மாணவர்கள் கிராமத்துத் திருச்சபைகளுக்குத் திரும்பாமல் அரசாங்க உத்தியோகத்தையும் கம்பனி உத்தியோகத்தையும் நாடிச் சென்றமை ஆகும். தாய்மொழியிலேயே போதகர்களைப் பயிற்றவேண்டும் என்பது அண்டர்சனின் உறுதியான கொள்கை. எமது பெற்றோர் செமினறியைப் பார்த்த கண் வேறு. மிஷனரிமார் பார்த்த கண் வேறு. ஒரு சாரார் உத்தியோகத்துக்கான ஏணியைக் கண்டனர். மற்றவர்கள் நாற்றுமேடையைக் கண்டனர்.

இதில் எனக்கொரு சொந்த நன்றிக்கடன் உண்டு. 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் செத் பேசனும் செமினறியில் பயின்றவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கு படித்தவர்களே. தாமோதரம்பிள்ளை சைவராக வாழ்ந்து, பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய கதையை எல்லோரும் அறிவோம். போதகர்களை உற்பத்தி செய்வதில் தோற்றுப்போனதாகக் கருதப்பட்ட செமினறி, தமிழுக்குப் பதிப்பாசிரியர்களையும் எமது தொழிலுக்கு முன்னோடிகளையும் தந்துவிட்டுப் போனது. மிஷன் கணக்கில் நட்டம், எமது கணக்கில் இலாபம்.

வட்டுக்கோட்டை மூடப்பட்டு நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், உலகின் மறுகோடியில் அதே கதை மீண்டும் நடந்தது. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் பிரஸ்பிற்றேரியன் திருச்சபைக்குத் தலைநகரில் ஒரு செமினறி இருந்தது. அங்கு கற்பித்தவர்கள் 1962இல் கணக்குப் பார்த்தனர். இருபத்தைந்து ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்டோர் அங்கே சேர்ந்திருந்தனர். அவர்களுள் பத்துப் பேரே அப்போது போதகர்களாகப் பணியாற்றிக்கொண்டிருந்தனர். கிராமத்தில் இருந்து வந்த வாலிபன் சில ஆண்டுகள் நகரத்தில் வாழ்ந்தபின் ஊருக்குத் திரும்ப விரும்பவில்லை. மறுபுறத்தில், கிராமத்துச் சபைகளை உண்மையிலேயே நடத்திக்கொண்டிருந்தவர்கள் நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். வயலையும் தொழிலையும் மனைவி மக்களையும் விட்டுவிட்டு அவர்கள் செமினறிக்கு வருவது எப்படி? படிக்கக்கூடியவர் பணி செய்யவில்லை. பணி செய்தவருக்குப் படிக்க வழியில்லை.

வட்டுக்கோட்டையில் மிஷனரிமார் செய்தது கதவை மூடியது. குவாத்தமாலாவில் செய்தது வேறு. ரால்ப் வின்டர், ஜேம்ஸ் எமரி, அவர்களுக்குச் சற்றுப் பின்னர் வந்து சேர்ந்த ரோஸ் கின்ஸ்லர் ஆகியோர் செமினறியை மாணவனிடம் கொண்டு சென்றனர். முதலில் கல்லூரியைத் தலைநகரில் இருந்து சான் பெலிப்பே என்ற நாட்டுப்புற ஊருக்கு மாற்றினார்கள். அதுவும் போதவில்லை. பக்கத்து ஊரில் இருந்தவனுக்குக்கூட வேலையை விட்டு வரமுடியவில்லை. ஆகவே 1963இல் பாடங்களை வீட்டில் இருந்தே படிக்கத்தக்கதாக எழுதிக் கொடுத்து, ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை குறித்த நிலையங்களுக்குச் சென்று மாணவர்களைச் சந்திக்கும் முறையை ஏற்படுத்தினர். வின்டர் இறையியலாளர் ஆவதற்கு முன்னர் பொறியியல் படித்தவர் என்பதை இங்கு சொல்லவேண்டும். இந்த முறையில் ஒரு பொறியியலாளனின் கைவரிசையைக் காணலாம்.

மிகவும் கடினமான வேலை பாடநூல் எழுதுவதாகவே இருந்தது. ஆரம்பப் பாடசாலையோடு நின்ற விவசாயியும் மேற்படிப்புப் படித்த ஆசிரியரும் ஒரே பாடத்தை வெவ்வேறு மட்டங்களில் படிக்கவேண்டும். கேள்வி கேட்டு, விடை எழுதவைத்து, உடனே திருத்தி, அடுத்த படிக்கு அழைத்துச் செல்லும் வகையில் நூல்களை அமைத்தனர். இன்றைய இணையப் பாடநெறிகளில் 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்தும் மாணவன், காகிதத்தில் அச்சிடப்பட்ட அந்த ஏற்பாட்டின் பேரப்பிள்ளையைத்தான் பார்க்கின்றான்.

விரிவாக்க இறையியல் கல்வி எனப்பட்ட இம்முறை சில ஆண்டுகளில் இலத்தீன் அமெரிக்கா, ஆபிரிக்கா, ஆசியா எங்கும் பரவியது. 1971இல் இந்தியாவில் பெங்களூரைத் தளமாகக்கொண்டு இதற்கெனச் சங்கம் ஒன்று தோன்றியது. பரவியதற்குக் காரணம் அதன் மலிவு மாத்திரம் அன்று. மிஷிகன் அரச பல்கலைக்கழகத்தின் கல்வியியலாளர் ரெட் வார்ட் இதனை வேலி ஒன்றுக்கு ஒப்பிட்டார். படிப்பும் பணியும் இரண்டு கிடைமரங்கள். வாரந்தோறும் நடக்கும் சந்திப்பு அவற்றைத் தாங்கும் கட்டை. கட்டையைப் பிடுங்கிவிட்டால் மரங்கள் விழுந்துவிடும். தொலைக்கல்வி பற்றிப் பேசும் பலர் மறந்துவிடுவது இந்தக் கட்டையைத்தான்.

தபால் வழிப் படிப்பு இதைவிடப் பழையது. அமெரிக்காவில் வில்லியம் றெய்னி ஹார்ப்பர் என்ற பப்ரிஸ்ற் பேராசிரியர் 1880களில் எபிரேய மொழியைத் தபால் மூலம் கற்பித்தார். மாணவர்களுள் பெருந்தொகையினர் ஊர்ப்புறப் போதகர்கள். அதே ஹார்ப்பர் பின்னர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராகித் தபால் கல்வியைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கொண்டு வந்தார். சிக்காகோவில் மூடியின் பெயரால் வழங்கும் வேதாகமக் கல்லூரி 1901இல் தபால் பிரிவை ஆரம்பித்தது. எம்மவர்க்கு இவை விநோதமானவை அல்ல. லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தைக் குப்பி விளக்கில் படித்துப் பெற்றவர்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர்!

அந்தக் குப்பி விளக்கு 1990களில் மீண்டும் வந்தது. அக்காலத்தில் குடாநாட்டில் இருந்து, தபால் மூலம் இறையியல் படித்த ஒருவரை நான் அறிவேன். இன்று ஓய்வு பெற்றுவிட்ட போதகர். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த வெளிச்சத்தில் கிரேக்க வினைச்சொற்களை மனனம் செய்தாராம். பாடப் பொதிகள் வந்து சேர மாதக்கணக்கு ஆகும். ஏழாம் பாடம் ஐந்தாம் பாடத்துக்கு முந்தி வந்த கதையை அவர் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் புத்தகங்களை விட்டுவிட்டுத் திருத்திய விடைத்தாள்களை மாத்திரம் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு சாவகச்சேரிக்கு நடந்திருக்கின்றார். ஏன் என்று கேட்டேன். "புத்தகம் எங்கையும் எடுக்கலாம். ஆனா அந்தத் தாள்களில என்னோட ஒருத்தர் கதைச்சிருந்தார்" என்றார். சிவப்பு மையில் ஓரங்களில் எழுதப்பட்ட குறிப்புகளையே அவர் அப்படிச் சொன்னார். முகம் காணாத ஆசிரியர் அவர். ரெட் வார்ட் சொன்ன கட்டை அந்தச் சிவப்பு மைதான் போலும்.

இணையம் வந்தபின்னர் நிலைமை விரைவாக மாறியது. வட அமெரிக்காவின் இறையியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் சங்கம், திருப்பணிக்கான முதன்மைப் பட்டத்தின் ஒரு பகுதியையாவது வளாகத்தில் தங்கிப் படிக்கவேண்டும் என்று நெடுங்காலம் வற்புறுத்தி வந்தது. 2013 அளவில் இருந்து விதிவிலக்காகச் சில கல்லூரிகளுக்கு முழுமையாக இணையத்தில் நடத்த அனுமதி அளித்தது. 2020இல் வந்த கொரோனாத் தொற்று, தயங்கி நின்ற கல்லூரிகளையும் திரைக்குள் தள்ளிவிட்டது. எமது நாட்டிலும் ஊரடங்கின்போது போதகர்கள் தொலைபேசிக்கு முன்னால் நின்று பிரசங்கித்ததைக் கண்டோம். 2022இல் மின்வெட்டு வந்து அதையும் இடையிடையே நிறுத்தியது.

இந்த வழியில் கள்ளப் பாதைகளும் உள்ளன என்பதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. எவரும் அங்கீகரிக்காத ஏதோவொரு நிறுவனத்துக்குப் பணம் கட்டிச் சில மாதங்களில் 'கலாநிதி' ஆகிவிடுவோர் இருக்கின்றனர். மேடைப் பதாகைகளில் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தைக் காணும்போது, வீரகத்திப்பிள்ளையார் கோயிலில் தேங்காய் விற்பவன்கூடச் சிரிப்பான். மாணவன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி கட்டணம் எவ்வளவு என்பதல்ல. உமக்கு அங்கீகாரம் தந்தது யார், என் விடைத்தாளை வாசிக்கப் போவது யார் என்பவையே. என்னிடம் வந்த இளைஞர் இவ்விரண்டையும் விசாரித்திருந்தார் என்பது எனக்கு ஆறுதல்.

எனினும் என் நண்பரின் கேள்வியை முற்றாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. குவாத்தமாலாவில் விரிவாக்கக் கல்வி தொடங்கிய அதே 1963ஆம் ஆண்டுதான், கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி ஆரம்பமானது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்ற் திருச்சபைகள் சேர்ந்து, ஆங்கிலத்தை விடுத்துச் சிங்களத்திலும் தமிழிலும் போதகர்களைப் பயிற்றுவதற்காகத் தொடங்கிய கல்லூரி அது. றூபஸ் அண்டர்சன் கேட்டது ஒரு நூற்றாண்டின் பின்னர் அங்கே நிறைவேறியது. அதைவிடப் பெரிய விடயம் ஒன்றும் அங்கே நடந்தது. 1983இன் பின்னரும், போர் உக்கிரமாக நடந்த ஆண்டுகளிலும், சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே வளாகத்தில் உண்டு உறங்கிப் படித்தனர். வெளியே நாடு இரண்டாகக் கிடந்தபோது அந்த உணவு மண்டபத்தில் ஒருவரின் மொழியை மற்றவர் தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டிருந்தார். பாடத்திட்டத்தில் அதற்குப் புள்ளி இல்லை. திரையில் இருபது சிறு சட்டங்களுக்குள் இருபது முகங்கள் தெரியலாம். யார் சமைத்த பருப்பில் உப்புக் கூடியது என்ற சண்டை அங்கே வராது.

ஓய்வு பெற்ற போதகரிடம் அண்மையில் இதைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அங்க போய் இருந்து படிக்கக் கிடைச்சிருந்தா நானும் போயிருப்பன். எனக்கு அப்ப பாதை இல்லை. அந்தப் பெடியனுக்கு இப்ப பாதை இருக்கு, லீவு இல்லை" என்றார். பின்னர் இளைஞரின் தொலைபேசி இலக்கத்தை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். கிரேக்கம் சொல்லிக் கொடுக்கச் சனிக்கிழமைகளில் வரச்சொல்லப் போகின்றாராம்.