அடிகுறைந்த முள்ளந்தண்டு



முள்ளந்தண்டின் அடியில், இரு இடுப்பென்புகளுக்கும் நடுவே ஆப்புப்போல் அமைந்திருப்பது திருவென்பு. மேலுடலின் பாரத்தை வாங்கி இடுப்புக்கும் கால்களுக்கும் பகிர்ந்தளிப்பது அதுவே. மிக அரிதாகச் சில குழந்தைகள் இவ்வென்பு குறைந்தோ முற்றாக இன்றியோ பிறக்கின்றன. கால்கள் மெலிந்திருக்கலாம், சிறுநீர்ப்பை கட்டுக்கடங்காதிருக்கலாம், அறிவோ பெரும்பாலும் பழுதுறுவதில்லை.

பிரான்சிய வைத்தியர் டுவாமெல் 1961 ஆம் ஆண்டில் இக்குறையை வேறு சில பிறவிக் குறைகளுடன் ஒரே வரிசையில் நிறுத்தி, ‘வாற்புறப் பின்னடைவு’ என்னும் கருத்துப்படப் பெயரிட்டார். கால்களிரண்டும் ஒட்டிப் பிறக்கும், ‘கடற்கன்னி’ எனப்பட்ட சிசுக்களும் அவ்வரிசையில் இடம்பெற்றன. பெயர் நிலைத்தது, பொருத்தமோ ஐயத்துக்குரியது. உருவான உறுப்பு எதுவும் இங்கே பின்னடையவில்லை. உருவாகவேண்டியது உருவாகவில்லை, அவ்வளவே.

1966 இல் பஸார்ஜ், லென்ஸ் என்னும் இருவர், நீரிழிவுடைய தாய்மாரின் பிள்ளைகளிடையே இக்குறை கூடுதலாகக் காணப்படுவதை எடுத்துக்காட்டினர். கரு உருப்பெறும் முதற் சில வாரங்களிலேயே இக்குறை நேர்ந்துவிடுவதால், கருத்தரிக்கு முன்னரே குருதியிற் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்படி இன்று அறிவுறுத்துகின்றனர். ஆயினும் இக்குறையோடு பிறந்த பிள்ளைகளின் தாய்மார் எல்லோரும் நீரிழிவுடையோர் அல்லர் என்பதை மறத்தலாகாது.

அமெரிக்க என்புச் சத்திரவைத்தியர் றென்ஷா 1978 இல் இதனை நான்கு வகைப்படுத்தினார். ஒருபக்கக் குறை, இருபக்கமும் ஒத்த, ஆனால் மேற்பகுதி எஞ்சிய குறை, திருவென்பு முழுதுமற்று, எஞ்சிய கடைசி முள்ளென்பின் பக்கங்களோடு இடுப்பென்புகள் பொருந்திய நிலை, இடுப்பென்புகள் தம்முள் இணைய, முள்ளந்தண்டு அவற்றின்மேல் வெறுமனே தங்கிய நிலை. இவ்வகுப்பு என்புகள் குறைந்த அளவையும் அவை பொருந்திய விதத்தையும் அடிப்படையாகக் கொண்டது. அன்றாட வாழ்வில் எழும் கேள்வியோ இதுவே: இப்பிள்ளை கையூன்றாது உட்காருமா? உட்கார இயலாதவர்க்கு முள்ளந்தண்டையும் இடுப்பையும் சத்திரசிகிச்சையால் பிணைப்பதுண்டு. மடங்கி இறுகிய கால்களை அகற்றுவதா, காப்பதா என்பதில் வைத்தியர்கள் நெடுங்காலம் முரண்பட்டனர்.

என்பைப் பற்றி இத்தனை வாதம் நடக்க, உயிருக்கு உலைவைத்ததோ பெரும்பாலும் சிறுநீரகம். தேங்கிய சிறுநீர் அதனை மெல்ல அழித்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்து லப்பிடீஸ் 1972 இல் வெளியிட்ட முறை மிக எளியது: நாளிற் பலமுறை ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திப் பையை வெறுமையாக்கல். கிருமி முற்றாக நீக்கிய கருவி வேண்டியதில்லை, கழுவிய கையும் கழுவிய குழாயும் போதும் என்றார். பலர் நம்ப மறுத்தனர். கிருமி புகுவதிலும் பை நிரம்பி விரிவதே பெருங்கேடு என்பது அவர் கொள்கை. அனுபவம் அவர் பக்கம் நின்றது. பாடசாலைப் பிள்ளைகள் புத்தகப்பையிலே குழாயையும் எடுத்துச் சென்று, இடைவேளையில் தாமே பயன்படுத்தப் பழகினர்.