கைத்தொழில் ஒரு வீட்டில், மின்சாரம் வேறு வீட்டில்

இலங்கையின் கைத்தொழில் அமைச்சு கொழும்பில்தான் இயங்கியது. ஆனால் அது பிறந்து நடை பழகிய காலத்துக் கதையைக் கிளறினால் கண்டி ஆட்கள் அடிக்கடி எதிர்ப்படுகிறார்கள். பேராதனையில் குடியிருப்பவர்களே இதை அதிகம் பேசிக் கேட்டதில்லை.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தது; கூடவே சர்வசன வாக்குரிமையும் வந்தது. அப்போது பிரதம மந்திரி என்று ஒருவர் கிடையாது. அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து உட்காருவார்கள். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே வாக்களித்துத் தெரிவுசெய்யும். அவர்தான் மந்திரி. மந்திரி ஒன்று நினைக்க, குழு வேறொன்றைத் தீர்மானித்து அவரை மடக்கிவிடவும் முடியும். அந்த ஏழில் ஒன்று தொழிலாளர், கைத்தொழில், வர்த்தகக் குழு. அதன் முதல் மந்திரி, கண்டி திரித்துவக் கல்லூரியிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் படித்த பெரி. சுந்தரம். ஹட்டன் தொகுதியின் உறுப்பினர், மலையகத் தமிழர்.

பெயரில் கைத்தொழில் இருந்தாலும் சுந்தரத்தின் ஐந்தாண்டுகளில் முந்திக்கொண்டது தொழிலாளர் பக்கம்தான். வேலைத்தலத்தில் காயப்பட்டவருக்கு நட்டஈடு தரும் சட்டம் 1934இலும், தொழிற்சங்கச் சட்டம் 1935இலும் வந்தன. ஆலைகளே அரிதான நாட்டில் அது இயல்புதான். 1936இல் கிளோட் கொரயா மந்திரியானார். இரண்டாம் உலகப் போர் வந்து கப்பல் வரத்துச் சுருங்கிய பிறகே ஆலைகளுக்கு யோகம் அடித்தது. மவுண்ட்பேட்டன் பிரபு 1944இல் தம் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்த காலத்தில், அரசாங்கம் ஒட்டுப்பலகை, காகிதம், தோல், கண்ணாடி என்று ஆலைகள் நடத்திக்கொண்டிருந்தது. போர் முடிந்து இறக்குமதிச் சாமான் வந்து குவிந்ததும் அவற்றில் பலவற்றுக்கு மூடுவிழா நடந்தது.

1947இல் அமைச்சரவை ஆட்சி வந்தபோது கைத்தொழிலுக்கென்று தனி அமைச்சு பிறந்தது. முழுப்பெயர்: கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, கடற்றொழில். மீன் எப்படி அதற்குள் வந்தது என்று கேட்கக்கூடாது. அமைச்சுகளைப் பங்குபோடும்போது நம் நாட்டில் மீனுக்கு எங்காவது ஓர் இடம் பார்க்கத்தான் வேண்டும். முதல் அமைச்சர் கண்டித் தொகுதியின் ஜோர்ஜ் ஈ. டி சில்வா. ஆசனம் சூடேறுவதற்குள் தேர்தல் வழக்கில் பதவி போயிற்று. 1948இல் அந்த அமைச்சு ஜி.ஜி. பொன்னம்பலத்தின் கைக்கு வந்தது. காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் எல்லாம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டவை. சுந்தரத்தின் தொகுதியிலிருந்தவர்களைப் போன்ற தோட்டத் தொழிலாளர்களைப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியதும் அதே ஆண்டில்தான். சீமெந்தைப் பற்றிப் பெருமை பேசும்போது இதை விழுங்கிவிடுவது நியாயமாகப் படவில்லை.

டி சில்வா இழந்த கண்டி ஆசனத்தை இடைத்தேர்தலில் பிடித்தவர் ரி.பி. இலங்கரத்ன. 1947 வேலைநிறுத்தத்தில் அரசாங்க உத்தியோகத்தை இழந்த எழுதுவினைஞர் சங்கத் தலைவர். அவரும் வழக்கில் ஆசனத்தை இழக்க, மனைவி தமரா குமாரி நின்று வென்றார். பின்னாளில் வர்த்தக அமைச்சராக இருந்து, 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்க முன்னின்றவர் இந்த இலங்கரத்னதான். ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் சொத்துகளில் கைவைத்ததற்காக அமெரிக்கா 1963இல் உதவியை நிறுத்தியது. ஆக, எண்ணெய் வந்தது வர்த்தக வாசலால். கைத்தொழில் வாசலால் அல்ல.

மின்சாரமும் அப்படியே. நீர்மின் கனவைக் கண்டவர் பொதுவேலைத் திணைக்களப் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர. 1918இலேயே லக்சபானவைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். 1924இல் தொடங்கிய வேலை நின்றுபோனது. அதற்காக வாதாடவே 1931இல் இரத்தினபுரியில் நின்று அரசாங்க சபைக்குப் போனார். முதற்கட்டம் 25 மெகாவாட்டோடு இயங்கியது 1950இல். ஆனால் மின்சாரம் இருந்த இடம் போக்குவரத்து, வேலைப்பகுதி அமைச்சு. பிறகு காணி, நீர்ப்பாசனத்தோடு சேர்ந்தது. 1970இல் அதன் பெயர் நீர்ப்பாசனம், மின்சக்தி, நெடுஞ்சாலை அமைச்சு. அமைச்சர் மைத்திரிபால சேனாநாயக்க. இடையில் 1969இல் இலங்கை மின்சார சபை உருவானது.

மின்சாரத்தை நீர்ப்பாசனத்தோடு முடிச்சுப் போட்டதன் காரணம் பேராதனைக்காரருக்கு விளங்கும். பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துப் பக்கம் அக்பர் பாலத்தில் நின்றால் காலடியில் ஓடும் மகாவலி, கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை தாண்டிப் பொல்கொல்லை அணைக்கட்டுக்குப் போகிறது. 1976இல் அங்கே ஆற்றின் ஒரு பங்கை மறித்து, சுமார் எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தில் விட்டு, உக்குவெலையில் மின்சாரம் எடுத்து, வடக்கே வயல்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். உக்குவெலைக்குக் கிடைப்பது 40 மெகாவாட் அளவு. திருப்பாமல் விட்ட நீர் ஆற்றோடு போய் 1985இல் வந்த விக்டோரியாவில் விழுந்தால் 210 மெகாவாட் நிலையம் சுழலும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆறு. போகத்துக்குப் போகம் விவசாயிக்கு எவ்வளவு, விக்டோரியாவுக்கு எவ்வளவு என்று அதிகாரிகள் கூடி உட்கார்ந்து பங்கு பிரிக்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் அந்தக் கூட்டம் நீளும்.