சுக்கு உண்டு, இஞ்சி இல்லை

கொச்சி மட்டாஞ்சேரியில் தர்மநாதர் சமணக் கோயில் 1904இல் எழுந்தது. நண்பகலில் அங்கே புறாக்களுக்குத் தானியம் போடுவதைப் படமெடுக்கப் பலர் வருகிறார்கள். எனக்கோ அந்தக் கோயில் நிற்கும் குஜராத்திச் சாலையின் அடுப்படிகள்தான் பெரிய வரலாறு.

கட்ச், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த சமண வணிகர்கள் மிளகும் ஏலமும் சுக்கும் வாங்கிவிற்று இங்கேயே வேரூன்றினார்கள். பஜார் சாலைக் கிட்டங்கிகளில் சுக்கு மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஆனால் அவர்கள் சமையலில் பச்சை இஞ்சி சேராது. வெங்காயமும் பூண்டும் உருளைக்கிழங்கும் சேராது. கிழங்கைப் பிடுங்கினால் செடியோடு மண்ணில் வாழும் சிற்றுயிர்களும் சாகும் என்பதே காரணம். உலர்ந்த சுக்கு இனி முளைக்காது. அதனால் அதற்குத் தடையில்லை. கொச்சியின் அடைமழைக் காலத்தில் பூச்சிகள் பெருகுவதால் கீரையையும் ஒதுக்குவார்கள். பொழுது சாய்வதற்குள் இரவுணவு முடிந்துவிடும். மீன் மணக்கும் துறைமுகத்தில் தலைமுறைகளாக இப்படி உண்பது எளிதல்ல. அந்த உறுதியை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் பாலும் நெய்யும் அவர்களுக்கு விலக்கல்ல. இன்றைய வீகன் இளைஞர்கள் அவற்றையும் கேள்வி கேட்கிறார்கள், கேட்கட்டும்.

ஆனால் வாங்கும் பொருளில் கருணையைத் தேடுகிறவர்கள் அதைச் சுமந்தவரைப் பற்றியும் கேட்க வேண்டும். ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்ற உலோக வில்லையைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். அடித்துப்பிடித்து எடுத்தவருக்கே அன்றைய வேலை. அதை எதிர்த்த தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று இதே மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. சாப்பா ஒழிய அதற்குப் பிறகும் போராட வேண்டியிருந்தது.