பி.சி.ஜி. தடுப்பூசி

காசநோய்க்கு எதிராகத் தரப்படும், வீரியம் குறைக்கப்பட்ட உயிர்க்கிருமித் தடுப்பூசி. பிரான்சின் லீல் நகரில் கால்மெட், கெரான் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் பதின்மூன்று ஆண்டுகள் மாற்றி மாற்றி வளர்த்து, நோய் உண்டாக்கும் திறனை அடக்கினர். 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு வாய்வழியே புகட்டப்பட்டது. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இது புகட்டப்பட்ட சிசுக்களில் எழுபதுக்கும் மேற்பட்டவை இறந்தன. குற்றம் மருந்தினுடையதன்று, ஆய்வகத்தில் அதனுடன் கலந்துவிட்ட வீரியமுள்ள கிருமியினுடையது.

இந்தியாவில் 1948இல் சென்னை கிண்டியில் இதற்கான உற்பத்திக்கூடம் எழுந்தது. ராஜாஜி 1955இல் இதை வெளிப்படையாக எதிர்த்தார். செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய பெரும் ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இது தடுக்கவில்லை என்று தெரிந்தது. எதிர்த்தவர்களுக்கு அதைவிட நல்ல வாதம் கிடைத்திருக்காது. ஆனால் குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து இது நன்கு காக்கிறது. அதனாலேயே இந்தியாவில் பிறந்தவுடன் இடது மேற்கையில் தோலுக்குள் போடுகிறார்கள்; விடுபட்டால் ஓராண்டுக்குள் போடலாம். சில வாரங்களில் கொப்புளம் எழுந்து, உடைந்து, தழும்பாகும். மருந்து தடவத் தேவையில்லை. எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இது கூடாது.