பள்ளி வாயிலில் பார்த்த நிறம்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இனவெறி பிடித்த இட்லரை வீழ்த்தப் படை அனுப்பிய அமெரிக்க நாட்டிலே, கலிபோர்னியா மாநிலத்து வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் சிற்றூரில், பள்ளி வாயிலிலே ஓர் அம்மையார் நிற்கிறார். தம் பிள்ளைகளோடு உடன்பிறந்தாரின் பிள்ளைகளையும் சேர்க்க வந்திருக்கிறார். பள்ளியார் பார்த்தது அறிவையா? அல்ல, தோலை! அம்மையாரின் பிள்ளைகள் வெளுத்தவர்கள். விடாரி என்ற பெயரும் பிரெஞ்சுப் பெயர்போல் ஒலித்தது. அவர்களுக்கு இடம் உண்டு. மெண்டஸ் என்னும் பெயர் கொண்ட மாநிறப் பிள்ளைகளோ 'மெக்சிகர் பள்ளி'க்குப் போகவேண்டுமாம்! ஒரே குருதி, இருவேறு பள்ளி! அம்மையார் அத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

அந்த மெக்சிகர் பள்ளியை அடுத்து மாட்டு மேய்ச்சல் நிலம். இடையிலே மின்சாரம் பாய்ந்த வேலி.

பிள்ளைகளின் தந்தை கொன்சாலோ மெண்டஸ், மெக்சிகோவிலே பிறந்த உழவர். தாய் பெலிசிதாஸ், போர்ட்டோரிக்கோவைச் சேர்ந்தவர். அவர்கள் குத்தகைக்கு உழுத நிலம் ஒரு சப்பானியக் குடும்பத்துக்கு உரியது. அக்குடும்பமோ, சப்பானியர் என்ற ஒரே குற்றத்துக்காக அரசின் முகாமிலே அடைபட்டுக் கிடந்தது! ஓர் இனத்தைச் சிறையிட்டதால் கிடைத்த நிலத்தின் வருவாயே இன்னோர் இனத்தின் வழக்குக்குச் செலவாயிற்று. வரலாறு சில வேளை இப்படிக் கோணலாகத்தான் நடக்கிறது.

1945 மார்ச்சுத் திங்களில், ஐந்து தந்தையர் நான்கு பள்ளி வட்டங்களின்மீது வழக்குத் தொடுத்தனர், ஏறத்தாழ 5,000 பிள்ளைகளின் சார்பாக. டேவிட் மார்க்கஸ் வாதாடினார். எதிர்த்தரப்பு அதிகாரி ஒருவர் கூண்டிலேறி, மெக்சிகப் பிள்ளைகள் தூய்மையிலும் திறமையிலும் தாழ்ந்தவர்கள் என்றார். பழகிய பல்லவிதான்! ஆங்கிலம் தெரியாததால் பிரித்தோம் என்பது அடுத்த சாக்கு. பாடம் நடத்துவோராகிய நமக்கு இதுதான் உறுத்துகிறது. மொழித்தேர்வு என்ற பெயரால் நடந்தது அவசரச் சடங்கு; பெயரைப் பார்த்தே பிரித்தனர். நீதிபதி மெக்கார்மிக் 1946 பிப்ரவரி 18இல் தீர்ப்பளித்தார்: பிரித்து வைப்பதே ஆங்கிலம் கற்பதற்குத் தடை, அது சமத்துவ உரிமைக்கும் பகை.

1947இல் மேல் நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தது. ஆனால், மாநிலச் சட்டம் மெக்சிகரைப் பிரிக்க இடந்தரவில்லை என்ற குறுகிய காரணத்தோடு நின்றுகொண்டது. முழு வெற்றி அன்று அது என்பதையும் சொல்லவேண்டும். எனினும், சீன, சப்பானியப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி வைக்க இடந்தந்த அந்தச் சட்டம் அவ்வாண்டே ஒழிந்தது. ஒழிப்பு மசோதாவிலே ஒப்பமிட்ட ஆளுநர் ஏர்ல் வாரன். 1954இல் தலைமை நீதிபதியாக அமர்ந்து, கறுப்பினப் பிள்ளைகளைப் பிரிக்கும் பள்ளிமுறை செல்லாது என்று தீர்ப்பெழுதியவரும் அவரே! அவ்வழக்கிலே வாதாடிய தர்குட் மார்சல், மெண்டஸ் வழக்கின் மேல்முறையீட்டிலேயே துணைமனு அளித்தவர்.

வாயிலிலே விரட்டப்பட்ட சிறுமி சில்வியா வளர்ந்து செவிலியரானார். 2011இல் குடியரசுத் தலைவர் ஒபாமா அவருக்கு விடுதலைப் பதக்கம் அணிவித்தார்.