கண்டல் நடுகையும் கைவிடப்படும் பராமரிப்பும்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஏற்பட்ட கடல்கோளின் பின்னர் எமது கரையோரங்களில் கண்டல் மரநடுகை வைபவங்களுக்குக் குறைவிருக்கவில்லை. அவற்றின் பலாபலன் யாது? ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2017 இல் வெளியான ஆய்வு இதற்கு விடையளித்தது. அரச நிறுவனங்களும் அரசசார்பற்ற நிறுவனங்களும் இணைந்து 23 இடங்களில், 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையில் மேற்கொண்ட மீள்நடுகையில் 200 முதல் 220 ஹெக்டேயர் மாத்திரமே வெற்றியளித்திருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சியிருக்கவில்லை.

பொருத்தமற்ற இடத்தெரிவும், நடுகைக்குப் பிந்திய பராமரிப்பின்மையுமே பிரதான காரணங்களாகும். நிதி வழங்குநரின் திட்டக் காலம் முடிவடைந்ததும் கன்றுகளுக்கு உரியவர் எவருமில்லை. கரையோரம் பேணல் திணைக்களம், வனத் திணைக்களம், பிரதேச செயலகம் என அதிகாரம் பிரிந்து கிடக்கையில் பொறுப்பு எவரிடமும் தங்குவதில்லை. பத்திரிகையாளராகிய நாமும் நடுகை விழாவின் படத்தைப் பிரசுரித்தோமேயன்றி, மறுவருடம் அவ்விடத்திற்குச் சென்று பார்த்தோமில்லை.

மாற்றுவழி இல்லாமலில்லை. 2015 இல் அரசாங்கம், சிலாபத்தைச் சேர்ந்த சுதீச அமைப்பு, அமெரிக்காவின் சீகோலொஜி அமைப்பு ஆகியன ஐந்தாண்டுத் திட்டமொன்றை அறிவித்தன. 34 இலட்சம் டொலர் மதிப்பீட்டிலான அத்திட்டம், கரையோரப் பெண்கள் 15,000 பேருக்குப் பயிற்சியும் சிறுகடனும் வழங்கி, பதிலுக்குத் தமது கிராமத்துக் கண்டல்களைப் பாதுகாக்கும் பொறுப்பை அவர்களது சமூகங்களிடம் ஒப்படைக்க முற்பட்டது. விறகுக்காகக் கண்டலை நாடும் குடும்பங்களையே அதன் காவலர்களாக்கும் இவ்வேற்பாடு விவேகமானது என்பதே எமது அபிப்பிராயம்.

புத்தளம் மாவட்டத்தின் ஆனைவிழுந்தான் சரணாலயத்தில் வேறொரு முறை கையாளப்பட்டது. இறால் வளர்ப்பாளர் கைவிட்டுச் சென்ற குளங்களில், வனஜீவராசிகள் திணைக்களமும் தன்னார்வ அமைப்பும் தனியார் நிதி நிறுவனமும் இணைந்து, கன்றுகளை நட்டுக் குவிப்பதை விடுத்து, தடைப்பட்டிருந்த நீரோட்டத்தைச் சீர்செய்து கண்டல் தானாகவே முளைப்பதற்கு வழிசமைத்தன. இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை 2024 இல் உலகின் முன்மாதிரி மறுசீரமைப்புத் திட்டங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது.

மட்டக்களப்பு வாவியிலோ புத்தளம் களப்பிலோ இனி எந்தவொரு கம்பனியுடனும் இத்தகைய உடன்படிக்கை செய்துகொள்ளப்படுமாயின், நட்ட கன்றுகளின் தொகைக்கன்றி, ஐந்து வருடங்களின் பின் உயிருடன் நிற்கும் மரங்களின் தொகைக்கே கொடுப்பனவு வழங்கப்படுதல் வேண்டும். அவ்வுடன்படிக்கையில் திணைக்களத்தினதும் கம்பனியினதும் கையொப்பங்களோடு அப்பகுதி மீனவர் சங்கத்தின் கையொப்பமும் இடம்பெற வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம்.